ஹாம்பர்க் பெட்டியும் ஹூஸ்டன் பெட்டியும்

வேண்டாம் தம்பி, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். ஏறும்போதே கண்டக்டர் சொல்லிட்டாரு, இப்ப நீங்களும் சொல்லுதிய. டப்பா மேல பிஸ்கட் படம் இருக்கு, அதைப் பாத்து ஏமாறாதீங்க. உள்ள இருக்கது ரயில் பெட்டி. சிரிக்காதீங்க. விளையாட்டுச் சாமான்னுதான் எல்லாரும் நெனைக்கான். நெசமான ரயில் பெட்டியப் பாத்து, ஜன்னல், படிக்கட்டு, சக்கரத்து ஆணி வரைக்கும் அப்படியே குட்டியாக்கிச் செஞ்சது. ஜெர்மனியில, ஹாம்பர்க் ஊர்ல வாங்கினது. இதை ஒருத்தி அருவாமனையில வச்சு வெட்டிட்டா. ஆமா, மீன் வெட்டுத அருவாமனைதான். வேற யாருமில்ல, எங்க வீட்டுக்காரி ஃபிலோமி. வயிறு எரியுது தம்பி.

நீங்க பாளையங்கோட்டைதானா? நல்லதாப் போச்சு. மார்க்கெட் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பாக்கிற ஒருத்தர் இருக்காராமே, பொடி வேலையெல்லாம் செய்வாராமே, தெரியுமா? தெரியாதா? சரி, விசாரிச்சுக்கிடுதேன். அவர்கிட்டதான் போறேன். வெட்டின இடத்துல பழைய கொக்கிய ஒட்டித் தரணும். இன்னைக்கே தரணும். நாளைக்கு வீட்டுக்கு ஆள் வாராங்க.

என் பேரு மச்சாது. தூத்துக்குடியில எங்க தெருவுல வந்து, குடில் மச்சாது வீடு எதுன்னு கேளுங்க, சின்னப் பிள்ளை கூட கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுரும். கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டுவோம்லா, மாட்டுத்தொழுவம், மாதா, சூசையப்பர், இடையர்கள், ஒட்டகத்துல மூணு ராஜா. எல்லா வீட்டுலயும் அதுதான் இருக்கும். எங்க வீட்டுலதான் ரயிலும் ஓடும். தொழுவத்துக்குப் பின்னால புகுந்து, மலையக் குடைஞ்சு, ராஜாக்க முன்னால வந்து, கண்ணாடியில செஞ்ச ஆத்துப் பாலத்துல ஏறித் திரும்பும். பெத்லகேம்ல ஏதுடா ரயிலுன்னு கேக்கிறவன் கேக்கத்தான் செய்வான். பேசுத வாய் பேசிக்கிட்டே இருக்கும், கண்ணு ரயிலை விட்டு நகராது. கோயில் கமிட்டி வருஷா வருஷம் எனக்குத்தான் பரிசு குடுக்கும்.

நான் கப்பல்ல சீஃப் குக்கா இருந்தவன் தம்பி. ஹாம்பர்க் போற நேரமெல்லாம் மத்தவன் செண்டு வாங்குவான், சாக்லேட் வாங்குவான், நான் ஒரு ரயில் பெட்டி வாங்குவேன். முதல்ல என்ஜின், அப்புறம் ஒவ்வொண்ணா பெட்டி. வீட்டுக்குக் கொண்டாந்ததும் பங்குச்சாமியாரைக் கூட்டிட்டு வந்து, தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு வாங்கினேன். புது வள்ளம் இறக்கினா மந்திரிக்கோம், புது வீடு கட்டினா மந்திரிக்கோம், இதுவும் ஓடுத வண்டிதானே? சாமியார் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே மந்திரிச்சாரு. மந்திரிச்சா மந்திரிச்சதுதான்.

இதுல யாரு தப்புன்னு கேட்டா, எம் மக டெல்பினைச் சொல்லணும். ஒரே மக. கல்லூரியில படிக்கும்போது ஒரு பையனப் பாத்துக்கிட்டா. சிவசைலம்னு பேரு. பேரைக் கேட்டதுமே உங்களுக்கு விளங்கியிருக்கும், நம்ம வேதம் இல்ல. அவனும் கப்பல்தான், ஆனா எஞ்சினியர், ஆபீசர். நான் ஆயுசெல்லாம் ஆபீசருக்குப் பொரிச்சுப் போட்டவன், அவனுக சாப்பிடுத மேசையில ஒரு நாள் உக்காந்தது கிடையாது. ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. இப்ப கொச்சியில இருக்காங்க. நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல தம்பி, சத்தியமா. திட்டல, சபிக்கல. அந்தப் பையன்கிட்ட அன்னையில இருந்து இன்னை வரைக்கும் நான் பேசினதே இல்ல, அப்புறம் எப்படித் தப்பாப் பேச முடியும்? ஊர்ல இருக்கவன்தான் மச்சாதுக்கு மருமகன் பிடிக்கலன்னு கதை கட்டுதான்.

அந்தப் பையன் என்ன செஞ்சான் தெரியுமா? கல்யாணம் ஆன முதக் கிறிஸ்மஸுக்கு ஒரு பார்சல். பிரிச்சா, ரயில் பெட்டி. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல வாங்கினதாம். அடுத்த கிறிஸ்மஸுக்கு இன்னொண்ணு. அப்படியே வருஷத்துக்கு ஒண்ணு. நல்ல பெட்டிதான், இல்லன்னு சொல்லல. வெள்ளி நிறம், நீள நீளமா, உள்ள சீட்டெல்லாம் தெரியும். ஆனா ஒரு என்ஜின் அனுப்பினானா? இல்ல. வெறும் பெட்டி. என் என்ஜின்தான் இழுக்கணும்னு அனுப்பியிருக்கான், அந்தத் திமிரைப் பாத்தியளா? டெல்பின் அவ அம்மாகிட்டச் சொன்னாளாம், வேணும்னுதான் என்ஜின் வாங்கல, மாமா வண்டியோடதான் சேரணும்னு அவுக ஆசைப்படுதாங்கன்னு. ஆசைப்பட்டா ஆச்சா? என்ன ஏதுன்னு விசாரிச்சு வாங்க வேண்டாமா?

கொக்கி சேரணும்லா தம்பி, அதைத்தான் சொல்ல வாரேன். என் பெட்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரு கொக்கி, அதோட ஒரு கம்பி வளையம். ரெண்டு பெட்டிய மோத விட்டா, கதவுல கொண்டி விழுந்தாப்புல வளையம் விழுந்து கொக்கியில மாட்டிக்கிடும். அவன் பெட்டிக்கு வளையமே கிடையாது. விரலை மடக்கி வச்ச கை மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த மாதிரி ரெண்டு கை மோதினா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிடும். என் வளையம் அந்தக் கை மேல விழுந்தா வழுக்கிக் கீழ வந்துரும். இதுல கூத்து என்னன்னா, தண்டவாளம் ஒண்ணுதான். சக்கரத்து அகலம் ஒண்ணுதான். என் தண்டவாளத்துல அவன் பெட்டியத் தனியா வச்சுத் தள்ளினா எண்ணெய் போட்டாப்புல ஓடுது. எல்லாம் சரியா இருக்கு, ஒண்ணோட ஒண்ணு கோக்கிற இடத்துலதான் தகராறு.

முதல் வருஷம் மாட்டிப் பாத்தேன், சேரல. பீரோ மேல தூக்கி வச்சுட்டேன். அடுத்தடுத்து வந்ததைப் பிரிக்கவே இல்ல. எதுக்குப் பிரிக்கணும்? எனக்குப் பெட்டி பிடிக்காம இல்ல. கொக்கி சேரல, அவ்வளவுதான் விஷயம். ஃபிலோமிதான் இதைப் பெருசாக்குனா. மருமகன் அனுப்பினதை இப்படித் தூசியில போட்டு வச்சிருக்கியளேன்னு மூக்கைச் சிந்துதா. அடியே, நான் மருமகனைப் பத்தியா பேசுதேன், கொக்கியப் பத்திப் பேசுதேன்!

இதுக்கு நடுவுல பேத்தி பிறந்துட்டா. மகிழினி. இதுவரை நேர்ல பாக்கல. போன்ல பாப்பேன், பேசுவேன். பேச ஆரம்பிச்சா விட மாட்டா, வாய்க்காரி. ஒரு நாள் கேக்கா, "தாத்தா, எங்க அப்பா அனுப்பின பெட்டியில ஜன்னல் பக்கத்துல சிவப்புச் சட்டை போட்டு ஒரு குட்டிப் பொம்மை உக்காந்திருக்குல்ல, அது யாரு தெரியுமா?" எனக்கு என்ன தெரியும், பெட்டியப் பிரிச்சாத்தானே? "அது நான்தான். அப்பா எனக்காகப் பெயிண்ட் அடிச்சு உக்கார வெச்சாங்க. நான் உங்க வீட்டுக் குடில்ல சுத்திக்கிட்டே இருக்கேனா தாத்தா?" அப்படின்னு கேக்கா.

வேற என்ன சொல்ல? சுத்திக்கிட்டே இருக்க பாப்பான்னு சொன்னேன். மலைக்குள்ள போயிட்டு வாரேனா, ராஜாவுக்கு டாட்டா காட்டுதேனான்னு அவ கேக்கக் கேக்க, ஆமா ஆமான்னு சொன்னேன். சின்னப் பிள்ளைகிட்டக் கொக்கிய விளக்க முடியுமா? வருஷா வருஷம் கேப்பா, நானும் சொல்லுவேன். அது பொய்யில்ல தம்பி, பிள்ளைக்குச் சொல்லுத கதை.

இந்த வருஷம் திடீர்னு டெல்பின் சொல்லுதா, கிறிஸ்மஸுக்கு வாரோம், மூணு பேரும் வாரோம்னு. ஃபிலோமி அழுதுக்கிட்டே அரிசி ஊறப் போட்டுட்டா. எனக்குக் கண்ணு பீரோ மேலதான் போச்சு. பிள்ளை வந்து நேரா குடில் முன்னாலதானே நிக்கும்? ரயிலைப் பாக்கும், அதுல நான் எங்கேன்னு தேடும். பீரோ மேல தூசிக்குள்ள இருக்கன்னு சொல்லவா?

அன்னைக்கே பார்சலையெல்லாம் இறக்கிப் பிரிச்சேன். ஆமா தம்பி, ஒரு பெட்டியில ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கு. உளுந்து அளவுதான் இருக்கும். சிவப்புச் சட்டை, ரெட்டைச் சடை. எப்படித்தான் பெயிண்ட் அடிச்சானோ.

சரி, இதைச் சேக்காம விடக்கூடாதுன்னு உக்காந்தேன். முதல்ல தங்கூஸ் நரம்பு, தூண்டில்ல கட்டுவோம்லா, அதை வச்சுக் கட்டினேன். போகும்போது நல்லாத்தான் போச்சு. நிப்பாட்டினா பின்னால உள்ள பெட்டி வந்து முன்னால உள்ளதை டமார்னு இடிக்குது. நரம்பை எடுத்துட்டுச் செம்புக் கம்பிய வளைச்சு மாட்டினேன். நேரா ஓடுத வரைக்கும் ராஜா மாதிரி ஓடுது. தொழுவத்துக்குப் பின்னால வளைவு வந்ததா, கம்பி வளைஞ்சு குடுக்க மாட்டேங்குது, அப்படியே பெட்டியச் சாய்ச்சு இடையன் மேல தள்ளுது. ஆட்டுக்குட்டிக்குக் கால் போச்சு. ரப்பர் பேண்டு போட்டேன், சூட்டுல பிசுபிசுன்னு ஆயிட்டு. ஆன்லைன்ல இதுக்குன்னே ஒரு கொக்கி இருக்குன்னு எதிர் வீட்டுக்காரர் ஆர்டர் போட்டுக் குடுத்தாரு. வந்ததைப் பாத்தா, இதை விடச் சின்ன ரயிலுக்கு உள்ளது. எறும்புக்குச் செருப்பு தச்சாப்புல இருக்கு. எடுத்து எறிஞ்சேன், எங்கன விழுந்துச்சுன்னு கூடத் தெரியல. இடுப்பு ஒடிஞ்சு போச்சு தம்பி, குடில் முன்னால குத்த வச்சே. சோறு எறங்கல. யாரைப் பாத்தாலும் எரிஞ்சு விழுதேன்.

அப்பத்தான் ஃபிலோமி வந்து சொல்லுதா. ஒங்க பெட்டியில ஒண்ணை எடுங்க, முன் பக்கம் ஒங்க கொக்கி இருக்கட்டும், பின் பக்கம் அவுக கொக்கியப் போடுங்க, அதை நடுவுல விட்டா ரெண்டு பக்கமும் சேந்துரும்லான்னு. எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டா பாருங்க! என் பெட்டியில வெட்டணுமாம். முதல்ல வந்தது யாரு வண்டி? பின்னால வந்தவன்லா மாத்திக்கிடணும்? அது மட்டுமில்ல, மந்திரிச்ச பெட்டி. அதுல கத்திய வைக்கலாமா? வச்சு, முன் பக்கம் ஒரு சாதி, பின் பக்கம் ஒரு சாதின்னு ரெண்டுங்கெட்டானா ஒரு பெட்டிய ஓட விட்டா ஊரு சிரிக்காதா?

அவ சொல்லுதா, "மந்திரிச்ச தாலிக்கே கயிறு நைஞ்சா மாத்துதோம்லா, கொக்கிய மாத்தினா என்ன?"

குடில் பாக்க வந்த உதவிச்சாமியாரும் அவளோட சேந்துக்கிட்டாரு. சின்ன வயசு, எல்லாத்துக்கும் சிரிப்பு அவருக்கு. அதுக்கென்ன ஐயா, அந்தப் பெட்டியையும் சேத்து மந்திரிச்சுட்டாப் போச்சுங்காரு. சாமியார்கிட்ட என்னத்தை வாதாட?

இன்னைக்குக் காலையில நான் பூசைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா, அடுப்படியில அருவாமனைக்குப் பக்கத்துல என் கொக்கி கிடக்கு! மீன் செதிலோட செதிலா. ஓடிப்போய்ப் பாத்தா, என் கடைசிப் பெட்டியோட பின் பக்கத்துல அமெரிக்காக்காரன் கையி ஒட்டியிருக்கு. பார்சல்ல சின்னப் பாக்கெட்ல உபரிக் கொக்கி இருந்துச்சாம், அதை எடுத்து ஒட்டியிருக்கா. அதுவும் எப்படி, உசரம் பாத்து, அடியில ஒரு அட்டைத் துண்டு வச்சு, அளந்து ஒட்டியிருக்கா. பல்பு மாத்தக்கூட என்னைக் கூப்பிடுத பொம்பளை! யாருடி சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, மீன் சட்டியத் தூக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டா. நீங்க போனதுல இருந்து வீடியோ போன்ல யார்கூடயோ பேசிக்கிட்டே வேலை பாத்துக்கிட்டிருந்தாள்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. போன்ல அந்தப் பக்கம் கார் ஹாரன் சத்தமாக் கேட்டுச்சாம். மாதா சபையில ஒருத்தி தையல் மெஷின் ரிப்பேர் பாப்பா, அவளாத்தான் இருக்கும். வேற யாரு இருக்கா இவளுக்கு?

என்ன கேக்கிய? ஓடுச்சாவா?

ஓடுச்சு. அதுதானே எரிச்சல். என் என்ஜின், என் பெட்டிக, நடுவுல அந்த வெட்டுப்பட்டது, பின்னால வெள்ளி வெள்ளியா அவன் பெட்டிக. மலைக்குள்ள போச்சு, வந்துச்சு. தொழுவத்து வளைவுல ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. ஃபிலோமி கையக் கட்டிக்கிட்டு என் மூஞ்சியவே பாக்கா. நான் கொஞ்ச நேரம் பாத்தேன். கொஞ்சம் கூடுதலாத்தான் பாத்தேன். சிவப்புச் சட்டை பாலத்துல வரும்போது கண்ணாடித் தண்ணியில நிழல் விழுது தம்பி. அது நான் நெனைச்சே பாக்காதது.

அதுக்காக விட்டுர முடியுமா? நாளைக்கு அந்தப் பையன் வந்து நிப்பான். எஞ்சினியர். பாத்த உடனே கண்டுபிடிச்சுருவான், கிழவன் தன் கொக்கிய வெட்டிக்கிட்டான்னு. வாய்விட்டுச் சொல்ல மாட்டான், மனசுக்குள்ள சொல்லுவான். அது போதாதா? ஃபிலோமி குளிக்கப் போனதும் நடுப்பெட்டிய மட்டும் கழட்டி, பஞ்சு சுத்தி டப்பாவுல வச்சேன். வெட்டுப்பட்ட கொக்கியக் கழுவி எடுத்துக்கிட்டேன். நட்சத்திர விளக்குக்குப் பல்பு வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். பழையபடி ஒட்டிட்டா என் பெட்டி என் பெட்டியா இருக்கும். அதுக்கப்புறம் சேர்க்க வேண்டியது அவன் பாடு. எஞ்சினியர்தானே, தன் பெட்டியில வெட்டிக்கிடட்டும். பிள்ளைக்கு... பிள்ளைக்கு ஏதாவது சொல்லிக்கிடலாம். ரிப்பேர்னு சொல்லலாம்.

வல்லநாடு வரப்போகுதா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. இருங்க, போன் அடிக்கு. இவதான். பல்பு வாங்க இவ்வளவு நேரமான்னு கேப்பா. இதைக் கொஞ்சம் பிடிங்க. டப்பாவை, டப்பாவை. சாய்ச்சிராதீங்க.

அலோ. ஆமா, கடையிலதான் நிக்கேன்... யாரு? பாப்பாவா? பாட்டி போன் உங்கிட்ட எப்படி... எங்க இருக்க? எங்க வீட்டுலயா? நாளைக்குலா வாரதா... கார்லயா? விடியக்காலமே புறப்பட்டுட்டியளா? அடிப் பாவி மக்கா, சொல்ல வேண்டாமா... சாப்பிட்டியா? எங்கன நிக்க? குடில் முன்னாலயா.

ஓடுதா? பாட்டி சுவிட்சைப் போட்டாளா. ஆங், என்ஜின் போகும், மலைக்குள்ள போகும், பாரு... என்ன? என்ன பாப்பா, சத்தமாச் சொல்லு, தாத்தா பஸ்ல... கடையில சத்தமா இருக்கு. என்ஜினும் தாத்தா பெட்டியும் மட்டும் போகுதா. நீ போகலையா.

அழாத. ஏன் அழுத? விட்டுட்டுப் போகல பாப்பா, உன்னை யாரு விட்டுட்டுப் போவா? நடுவுல ஒரு பெட்டி இருக்கு, அதைக் காணோம்லா, அதனாலதான். அதை மாட்டிட்டா வந்துருவ. இல்ல, இல்ல, பொய் சொல்லல. தாத்தா எப்ப பொய்... இன்னைக்கு ஓடுச்சு பாப்பா. சத்தியமா ஓடுச்சு. பாட்டிகிட்டக் கேளு. பாலத்துல வந்த, தண்ணியில உன் நிழல் விழுந்துச்சு, தாத்தா பாத்தேன். ஏசுவே. பெட்டி எங்கயா? பெட்டி தாத்தாகிட்டதான் இருக்கு.

யாரு கம்பி வச்சுக் கட்டுதாங்க? அப்பாவா? வேண்டாம், வேண்டாம்! வளைவுல சாஞ்சுரும், நீ கீழ விழுந்துருவ. மாப்பிள்ளைய எதையும் தொட வேண்டாம்னு சொல்லு. தாத்தா வாராரு, நானே வந்து மாட்டுதேன்னு சொல்லு. ஆமா, மாப்பிள்ளைகிட்டதான், உங்க அப்பாகிட்டதான் சொல்லச் சொல்லுதேன். வச்சிரு. அழக்கூடாது. வாரேன்.

கண்டக்டர்! கண்டக்டர் சார், நிப்பாட்டுங்க. பாளையங்கோட்டை வரைக்கும் நிக்காதா? நிக்காதுன்னா எப்படி, நான் இறங்கணும்லா? டிக்கெட்டு இருந்துட்டுப் போகுது சார், வல்லநாட்டுல ஒரு ஓரமா விடுங்க. எதிர்ப் பக்கம் தூத்துக்குடி வண்டி வரும்லா? வரும், வரும்.

என்ன தம்பி? கொக்கியா? அது கோணலா ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே ஒட்டியிருக்கா. அருவாமனையில வெட்டினாலும் சீரா வெட்டியிருக்கா பாருங்க. பாளையங்கோட்டைக்கு இன்னொரு நாள் போய்க்கிடலாம், கடிகாரக் கடை எங்கயும் ஓடிப்போகாது. கொஞ்சம் காலை ஒதுக்குங்க. டப்பாவைக் குடுங்க, சாய்க்காமக் குடுங்க. பிள்ளை அங்கன நிக்கா.